அடங்க நேரமாகும் இதயம்

தாய்மார்களே, பெரியவர்களே... இந்த இடத்துல ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன். சிரிக்கிற கதை இல்ல.

ரத்தினசபாபதின்னு ஒருத்தர். இரும்புக்கடை வச்சிருந்தார். ரெண்டு பொண்ணுங்க. மூத்தவ கயல்விழி. காலையில அலாரம் அடிச்சா மயங்கி விழுவா. பெரிய டாக்டர்கிட்ட காட்டினாங்க. ஈ.சி.ஜி. எடுத்தாரு.

"ஐயா, இதயத்துல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மின்சாரம் ஓடுது. சோடியம் உள்ள பாய்ஞ்சா செல் துடிக்கும். பொட்டாசியம் வெளிய போனா அடங்கும். உங்க பொண்ணுக்குப் பொட்டாசியம் போற வாசல் சரியாத் திறக்கல. அடங்க நேரமாகுது. அதுக்குள்ள திடுக்குனு சத்தம் கேட்டா, அடுத்த துடிப்பு முந்திக்கும். தாளமே குலைஞ்சிடும். உயிருக்கு ஆபத்து. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது."

அப்பன் என்ன செஞ்சார்? ஈ.சி.ஜி. காகிதத்தைப் பீரோவுல வச்சுப் பூட்டினார். வரன் பார்த்தார்.

மண்டபத்துக்குக் கிளம்பும்போது பொண்ணு கேக்குறா...

"அப்பா, மாத்திரையை எடுத்து வச்சுக்கட்டுமா?"

"வேணாம்மா. சம்பந்தி வீட்டுக்காரங்க கண்ணுல பட்டா வம்பு. ரெண்டு நாள்தானே?"

"மேளத்தையாவது மெதுவா வாசிக்கச் சொல்லுங்கப்பா... பயமா இருக்கு."

"ஏன்னு கேப்பாங்களே? என்ன பதில் சொல்ல?"

முகூர்த்த நேரம். தும்மல், அழுகைன்னு எந்த அபசகுனமும் காதுல விழக்கூடாதுன்னுதானே நாம கெட்டிமேளம் கொட்டுறோம்? ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" ரெண்டு தவில், ரெண்டு நாயனம், ஒரே அடி...

கயல்விழி சாஞ்சா. எல்லாரும் வெட்கத்துல தலை குனியுறான்னு நெனைச்சு அட்சதை போட்டாங்க. அட்சதை, ஐயா... பொணத்து மேல.

இன்னும் முடியல. பதினாறாம் நாள் அந்த டாக்டர் வீட்டுக்கே வந்தார். "இது குடும்பத்துல வர்ற வியாதிங்க. சின்னவளைக் கூட்டிட்டு வாங்க. ஒரு ஈ.சி.ஜி. எடுத்துடலாம்."

ரத்தினசபாபதி கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் டாக்டர்... அவளுக்கும் கல்யாணம் ஆகணும்."

பாவின்னு திட்டுறீங்களா? திட்டுங்க. நானும் திட்டினேன். ஆனா ஒண்ணு கேக்குறேன். மாத்திரை சாப்பிடுற பொண்ணுன்னு தெரிஞ்சா தட்டை வச்சுட்டு எந்திரிச்சுப் போறது யாரு? காபி குடிச்சிட்டு, "போய் தகவல் சொல்றோம்"னு நழுவுறது யாரு? வியாதியைச் சொன்ன வீட்டுல எத்தனை பேர் சம்பந்தம் பண்ணியிருக்கோம்? அந்த மனுஷன் டாக்டருக்குப் பயப்படல, சாவுக்குக்கூடப் பயப்படல...

நமக்குத்தான்யா பயந்தான்.