அவருக்கு நான் வைத்த பத்தியம்

கஞ்சி காய்ச்சுவதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, இன்ஸ்பெக்டர் சார். ஒரு பிடி அரிசியில் ஒரு நாளை ஓட்டிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் பூமிநாதனுக்கு மூத்திரப்பையில் கட்டி. மதுரையில் ஏழு மணி நேர ஆபரேஷன், பையையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "பெரிய ஆபரேஷன் நடந்தா உடம்பு தன் சதையைத் தானே கரைச்சு எரிக்கும்மா. சுகர்கூடக் கொஞ்ச நாள் ஏறும், அதுவா இறங்கிரும். முட்டை, மீன், பருப்புன்னு நல்லாக் குடுங்க. அப்பத்தான் எந்திரிச்சு நடப்பாரு." எனக்கு ஒரு தடவை சொன்னால் போதும்.

முப்பத்தொரு வருடமாக மிளகாய்க் கொல்லைதான் அவருக்குப் பெண்டாட்டி. நான் சோறு வைக்கிற ஆள். "ஏய்" என்றால் ஓடிப்போய் நிற்க வேண்டும். அப்படிப்பட்டவர் ஆபரேஷன் முடிந்து வந்த மறுநாள், "உமையா, எங்க போற? இங்கனயே இரு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்வானேன், எனக்கு மனசு குளிர்ந்துபோனது. இந்த மனுஷன் இனி எழுந்திருக்கவே கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அது ஒன்றும் கஷ்டமில்லை. முட்டையும் மீனும் கொடுத்தால் புண்ணில் சீழ் வைக்கும் என்று எங்கள் பக்கத்தில் பெரியவர்களே சொல்வார்கள். அவர்களிடம் பத்தியம் என்றேன். ஊரில் படித்த பிள்ளைகளிடம் ஆஸ்பத்திரியில் கொடுத்த சுகர் சீட்டைக் காட்டினேன். இரு தரப்பும் தலையாட்டிவிட்டுப் போனது.

அவருடைய தங்கை ராக்கு வாராவாரம் நாட்டுக்கோழி முட்டையும் தங்கச்சிமடத்து மீனும் கொண்டுவருவாள். "அண்ணனுக்குத்தான் ஆகாது. பாத்துக்கிற ஒனக்காவது தெம்பு வேணும்ல மதினி" என்பாள். வீணாக்குவானேன் என்று சாப்பிட்டேன். நாலு கிலோ ஏறிவிட்டது, ஜாக்கெட்டையெல்லாம் பிரித்துத் தைத்தேன்.

அவர் தொடை என் முழங்கை அளவுக்கு வந்துவிட்டது. தனியாளாகத் தூக்கிக் குளிப்பாட்டினேன். புருஷனை இப்படிப் பார்த்துக்கொள்ள யாரால் முடியும் என்று ஊரே மெச்சியது. பகலெல்லாம் பேசுவோம், சிரிப்போம். நான் வாழ்ந்தேன் என்றால் அந்த இரண்டு மாதம்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலையில், "ஒரே ஒரு முட்டை குடு உமையா, எந்திரிச்சு நிக்கணும் போல இருக்கு" என்றார். அவித்து, உரித்து, மிளகுத்தூளும் தூவினேன். எழுந்தால் மறுபடியும் மிளகாய்க் கொல்லைக்குத்தான் போவார் என்று தோன்றியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே தின்றேன். "சரி, கஞ்சியே குடு" என்றார். பழைய ஆளாக இருந்தால் தட்டு பறந்திருக்கும்.

அன்று மத்தியானம் அடங்கிவிட்டார். டாக்டரம்மாவிடம் விசாரித்துவிட்டு ராக்கு கொடுத்த புகாரில் ஒரு வரிகூடத் தப்பில்லை சார். தெரிந்தேதான் பட்டினி போட்டேன், அதில்தான் செத்தார். ஆனால் எங்களுக்குள் பிரியம் இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கடைசி வரைக்கும் என் கையை விடவில்லை. இதோ பாருங்கள், அவர் நகம் பதிந்த இடம் இன்னும் ஆறவில்லை.