ஆர்க்கிட் போட்ட குட்டிகள்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினார்.

"பூக்க வேண்டிய ஆர்க்கிட் அஞ்சு குட்டி போட்டிருக்கு, மிஸ்."

"ஈஸ்டருக்குப் பீடத்துல வைக்கிறேன்னு ஃபாதர்கிட்ட சொன்னீங்களே?"

"சொல்லித் தொலைச்சேன். குளிர்காலத்துல தண்ணி ஊத்தாம விட்டாத்தான் இந்த டென்ட்ரோபியம் ஆர்க்கிட் பூக்குமாம். ஊத்தினா தண்டுல பூவுக்குப் பதிலா குட்டிச்செடிதான் வரும். 'தண்ணி ஊத்தாதீங்க'ன்னு அட்டை எழுதித் தொங்கவிட்டேன். வீட்ல யாரும் ஊத்தல."

"அப்புறம்?"

"நான்தான் ஊத்தினேன். அரிசி கழுவின தண்ணிய வீணா கொட்ட மனசு வரல. தினமும் அட்டைய ஒதுக்கிட்டு ஊத்தியிருக்கேன்."

ஒரு குட்டியை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க, நீங்களாவது பூக்க வைங்க."

"வேண்டாங்க மிஸ். எங்க வீட்லயும் தினம் சோறுதான்."