கீழே கட்டினால் மேலே வரும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்து. முன்னிருக்கையில் லேப்டாப்போடு இரண்டு பெண்கள்.

“அந்தப் பட்டனைக் கீழ கட்டுடி. அப்பதான் மேல வரும்,” என்றாள் ஜன்னலோரப் பெண். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“என் போன்ல நல்லாத்தான இருக்குது?” என்றாள் லேப்டாப்காரி.

“உரக்கடை அண்ணன் அவரு போன்ல எழுத்தைப் பெருசு பண்ணி வெச்சிக்கினு இருக்காரு. நாம செஞ்சு குடுத்த ஆப்புல ஆர்டர் ஃபார்ம் நீண்டுபோய், ‘அனுப்பு’ பட்டன் திரைக்குக் கீழ போயிடுச்சு. எவ்ளோ தள்ளினாலும் நகர மாட்டேங்குதாம்.”

“பட்டனை அதுக்கு மேல இருக்கிற கட்டத்தோட கட்டியிருக்கேனே!”

“மேல மட்டும் கட்டினா போதுமா? பக்கத்தோட அடியிலயும் கட்டினாதான, எதுவரைக்கும் நகரணும்னு திரைக்குத் தெரியும்? ஜல்தி பண்ணு, எறங்கினதும் அவரு கடைக்குத்தான் போறோம்.”

தைத்த ரவிக்கைகளை மடியில் வைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “பட்டனைக் கட்டக் கூடாதும்மா. தைக்கணும்.”

மூவரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் லேப்டாப்காரி பட்டனைக் கீழேயும் கட்டிவிட்டு, தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி அந்த அம்மாவிடமே நீட்டினாள். அவர் விரலால் தள்ளத் தள்ள, கீழே ஒளிந்திருந்த பட்டன் மெல்ல ஏறி வந்தது.

“வந்துடுச்சு!” என்று இருவரும் கத்தினார்கள்.

அம்மாவின் கண் பட்டனில் இல்லை. “கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுதே! என் போனையும் இப்படிப் பண்ணிக் குடேன்.”