சொல்தா கேட்ட பூ

உச்சி வேளை. கத்திரி வெயில். பிள்ளைச்சாவடிக்குப் போகும் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு... காற்று அடித்தால் சவுக்கு ஊளையிடும், தெரியுமல்லவா? அன்றைக்கு அந்தச் சத்தமும் இல்லை. அந்த ரோட்டில் ஒரு மனிதர் சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறார். வாய்விட்டு அழுதுகொண்டே மிதிக்கிறார்.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் ராத்திரியில்தான் வரவேண்டும் என்று எந்த மடையன் சொன்னான்? உச்சிப் பொழுதில் தனியாகப் போகாதே என்று உங்கள் வீட்டில் சொன்னதே இல்லையா? கரண்ட் இப்போதைக்கு வராது. தட்டாஞ்சாவடி முழுக்க இருட்டு. ஷெட்டில் லேத்தெல்லாம் செத்துக் கிடக்கின்றன, இருப்பது ஒரே மெழுகுவத்தி. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம்ம கன்னியப்பனின் பெரியப்பா வீட்டில் நடந்தது. கன்னியப்பன் இன்றைக்கு லீவு. இருந்தால் சொல்ல விடமாட்டான்.

பெரியப்பா பெயர் தெய்வசிகாமணி, வீடு பிள்ளைச்சாவடியில். அவருக்கும் லேத்து வேலைதான், ஆனால் மோட்டார் கிடையாது. மரக் கடைசல். தரையில் இரண்டு முளை, நடுவில் கட்டை, கட்டையைச் சுற்றி ஒரு கயிறு. எதிரே ஒருவர் உட்கார்ந்து கயிற்றின் இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். கட்டை முன்னும் பின்னும் சுழலும். முன்னால் சுழலும்போது மட்டும் உளி கடிக்கும். கிர்ர்ர்... அப்புறம் ஒரு மௌனம். கிர்ர்ர்... மறுபடி மௌனம். பம்பரம், தொட்டில் கட்டை, மாதா கோயில் மெழுகுவத்தித் தண்டு எல்லாம் அப்படித்தான் கடைந்தார்.

கயிறு இழுத்தவன் அவர் தம்பி கண்ணையன். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே தாய் தகப்பன் போய்விட்டார்கள். அண்ணி அஞ்சலாட்சிதான் சோறூட்டி வளர்த்தாள். அவளுக்கு வேறு பிள்ளை இல்லை. மீசை முளைத்த வயதில் அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது. பேச்சு குழறிப்போனது. திடீரென்று எழுந்து கடலுக்கு ஓடுவான், கட்டிய வேட்டியோடு தண்ணீருக்குள் நடப்பான். கரையில் இருப்பவர்கள் இழுத்துக்கொண்டு வந்து விடுவார்கள். ஆஸ்பத்திரி, மசூதி, மாரியம்மன் கோயில், மாதா கோயில்... அவள் ஏறாத படி இல்லை.

கயிறு கையில் இருந்தால் மட்டும் அடங்கி இருப்பான். வேலை இருக்கும் நாளில் நன்றாகச் சாப்பிடுவான், தூங்குவான். வேலை இல்லாத நாளில் ஓடுவான். அதனால் ஆர்டர் இல்லாதபோது தெய்வசிகாமணி விறகுக் கட்டையை மாட்டிக் கடைவார். அது தூளாகும்வரை கடைவார். அப்புறம் இன்னொரு விறகு. அந்த வீட்டில் விறகை அடுப்பில் வைத்து எரித்ததைவிட இப்படித் தூளாக்கியதுதான் அதிகம். பாவம், வேறு வழி தெரியவில்லை அவருக்கு.

அந்தக் கத்திரியில் ஒருநாள் நடுப்பகல், கொட்டகை வாசலில் யாரோ செருமினார்கள். ஒரு கிழவர். தலையில் தொப்பி, மேலே கம்பளிக் கோட்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தாக்கள் நம் ஊரில் எத்தனையோ பேர், அதனால் யாரும் அதிசயப்படவில்லை. ஆனால் அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு... நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. பாச்சா உருண்டை வாசனை வந்தது. அதற்கு அடியில் ஈரத்துணி மக்கிய வாசனை.

"சதுரங்கக் காய் வேணும் மேஸ்திரி. கறுப்பு இருக்குது. வெள்ளை பூரா கடைஞ்சி குடுக்கணும்."

கைக்குட்டையை விரித்தார். உள்ளே மாதிரிக்கு வகைக்கு ஒரு காய். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பிரெஞ்சில் பெயர் சொன்னார். ராஜாவைத் தொட்டு "ருவா" என்றார். அஞ்சலாட்சி உள்ளேயிருந்து, "இவ்ளோ வேலைக்கு ஒரு ரூவாயா? நல்லா பேசறாரு பேரம்" என்று முணுமுணுத்தாள். ராணி தாம். யானை தூர். எல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக...

"அப்புறம் பூ. அதுக்கு மாதிரி இல்ல. அது காணாமப் போச்சி."

"பூவுங்களா? சண்டைக்கு நிக்கற இடத்துல பூ எதுக்குங்க?"

"ராஜா ராணி பக்கத்துலதான் அது நிக்கும்" என்றார் கிழவர். சொல்லும்போது அவர் பார்த்தது கண்ணையனை. கண்ணையன் அவரைப் பார்த்துச் சிரித்தான், நெடுநாள் பழகியவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

வீட்டில் ஒரே சந்தோஷம். பல நாளைக்கு வேலை இருக்கிறது என்றால் பல நாளைக்குக் கண்ணையன் இருக்கிறான் என்று அர்த்தம். வெப்பாலைக் கட்டை வெள்ளை வெளேர் என்று கடைசலில் ஓடியது. கொட்டகை முழுக்கச் சூடான அரக்கு வாசனை. கண்ணையன் இரண்டு வேளையும் தட்டைக் காலி செய்தான். அஞ்சலாட்சி அடுப்படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள், அது சந்தோஷ அழுகைதான்.

கிழவர் தினமும் உச்சி வேளைக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டார். காய்களைத் தடவிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார். பூ மட்டும் சரிப்படவில்லை. தாமரை மொட்டு வைத்த தலையோடு ஒன்று கடைந்து கொடுத்தார் தெய்வசிகாமணி. "இது இல்ல." இதழ் விரிந்த மாதிரி இன்னொன்று. "இதுவும் இல்ல." அழகாக இருந்தனவாம் இரண்டும். எடுத்து மாடத்தில் வைத்துவிட்டார்.

தெய்வசிகாமணிக்குப் பயம் வந்தது. கிழவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் கயிறு நின்றுவிடும். ஒருநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். மாதா கோயில் பக்கத்தில் யூஜின் என்று ஒருவர், பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுப்பவர். கோயில் மெழுகுவத்தித் தண்டு விஷயமாக முன்பே பழக்கம். போன நேரத்தில் அவர் வீட்டில் இல்லை. காத்திருந்து அவரைப் பார்ப்பதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

"சதுரங்கத்துல பூ எப்படி சார் இருக்கும்?"

யூஜின் சிரித்தார். "பூ இல்ல மேஸ்திரி. ஃபூ. பல்லை உதட்டுல வெச்சிச் சொல்லணும். நாம மந்திரின்னு சொல்ற காய்க்கு பிரெஞ்சுல அதான் பேரு."

"அப்படின்னா?"

"பைத்தியக்காரன்னு அர்த்தம்."

கிழவர் அன்றைக்குக் கண்ணையனைப் பார்த்தது தெய்வசிகாமணிக்கு ஞாபகம் வந்தது. சைக்கிளை எடுத்துவிட்டார். நான் முதலில் சொன்னேனே, ஆளில்லாத ரோடு... அதில் அழுதுகொண்டு மிதித்தவர் இவர்தான்.

அதே நேரம் கொட்டகையில் என்ன நடந்தது கேளுங்கள். புருஷன் இல்லை, கயிறு நிற்கக் கூடாது. அஞ்சலாட்சியே ஒரு விறகை மாட்டி, பழக்கமில்லாத கையால் உளியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் இழுத்துக்கொண்டிருந்தான். வாசலில் செருமல்... பாச்சா உருண்டை வாசனை.

"என் ஃபூ இங்கதாம்மா இருக்குது. எடுத்துக்கட்டுமா?"

அவள் காதில் அது பூ என்றுதான் விழுந்தது. மாடத்தில் இருக்கும் இரண்டையும் கடைசியில் ஒத்துக்கொண்டார் என்று நினைத்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"எடுத்துக்குங்க தாத்தா. உங்களுக்குன்னுதான் வெச்சிருக்கோம்."

"மனசாரச் சொல்றியா?"

"மனசாரத்தான் சொல்றேன்."

எழுந்து மாடத்திலிருந்து மரப்பூக்களை எடுத்தாள். பளபளப்புக்காகத் தாழை ஓலையால் ஒரு தேய் தேய்த்தாள். திரும்பினால்... கொட்டகையில் யாரும் இல்லை. கட்டை மட்டும் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கிர்ர்ர்... கிர்ர்ர்... மெதுவாக நின்றது.

தெய்வசிகாமணி சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தபோது அவள் அப்படியே நின்றிருந்தாள், கையில் அந்த இரண்டு காய்களோடு. "பூவை விட்டுட்டுப் போயிட்டாரேங்க" என்றாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பொம்பளை போட்ட சத்தத்தைக் கேட்டுப் பக்கத்துத் தோப்பில் வேலை செய்தவர்கள் ஓடி வந்தார்கள்.

என்ன ராமதாஸ், கதவையே பார்க்கிறாய்? காற்றுதான். உட்கார்.

கடற்கரை முழுக்கத் தேடினார்கள். தண்ணீர்ப் பக்கம் யாரும் அவனைப் பார்க்கவில்லை. தோப்போரம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவாசை என்பவர்தான் பார்த்திருக்கிறார். "கோட்டு போட்ட ஒரு பெரியவர்கூட சவுக்குக்குள்ள போனான். நல்லாத் தெளிவா பேசினான். எனக்கே ஆச்சரியமா இருந்துச்சி" என்றார். ஆறேழு வருஷமாக ஒரு சொல் திருத்தமாகப் பேசாத பிள்ளை.

"என்ன பேசினான்?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"'எங்க அண்ணிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்'னான். அதுக்கு அந்த ஆளு, 'அண்ணிதான் குடுத்துடுச்சே'ன்னாரு."

அம்மாவாசை அதை மறைத்திருக்கலாம். மனசாட்சி உள்ளவன் மறைத்திருப்பான். என்ன செய்வது, சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அஞ்சலாட்சி சாப்பிடவில்லை. "நான் பூவைத்தான் சொன்னேன்... நான் பூவைத்தான் சொன்னேன்" இது ஒன்றுதான் பேச்சு. போலீசுக்குப் போனார்கள், குறி கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் தலையை வாரி முடித்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

"அவரு கேட்டது பிரெஞ்சு. நான் குடுத்தது தமிழு. அது செல்லாதுங்க. அவரு பாஷையிலயே நான் திருப்பிக் கேக்கறேன். எனக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க."

யூஜின் முதலில் மாட்டேன் என்றார். சிலுவை போட்டுக்கொண்டார். அவள் அவர் காலில் விழுந்துவிட்டாள். அதற்குமேல் என்ன செய்வார்? சொல்லிக் கொடுத்தார். 'ரான்தே முவா மொன் ஃபூ.' என் பைத்தியத்தைத் திருப்பிக் கொடு என்று அர்த்தம்.

"எம்புள்ளையப் பைத்தியம்னு நானே சொல்லணுமா சார்?" என்று கேட்டாளாம்.

"அவரு எடுத்துக்கிட்டுப் போனது அந்தப் பேர்லதானம்மா. அதே பேரைச் சொல்லித்தான் கேக்கணும்."

பல்லை உதட்டில் வைத்து வைத்துப் பழகினாள். மாவரைக்கும்போது, தண்ணீர் சேந்தும்போது, தூக்கத்தில்கூட அதே வார்த்தை. தினமும் உச்சி வேளைக்கு ரோட்டில் போய்த் தனியாக நின்று சவுக்குத் தோப்பைப் பார்த்துச் சொல்வாள். கூட யாரும் வரக்கூடாது, வந்தால் கிழவர் வரமாட்டார் என்பாள். தெய்வசிகாமணி கொட்டகை வாசலில் உட்கார்ந்து அவள் வருகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். தம்பியும் போய் இவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்ற பயம் ஒரு பக்கம். ஒருவேளை பையனோடு வந்துவிடுவாளோ என்ற நப்பாசை இன்னொரு பக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யூஜின் பார்த்துவிட்டுப் போக வந்தார். இரண்டு பேரும் வாசலில் இருந்தார்கள். வெயில் தகித்தது. ரோட்டில் அஞ்சலாட்சி வருவது தெரிந்தது. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பாட்டு மாதிரி எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். கிட்ட வர வர வார்த்தை கேட்டது.

"ரான்தே முவா ஃபூ... ரான்தே முவா ஃபூ..."

யூஜின் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. "மேஸ்திரி... நடுவுல 'மொன்'னுங்கற வார்த்தைய விட்டுட்டாங்க. அது இல்லாம சொல்லக்கூடாது."

"சொன்னா என்ன சார்?"

"என்னைப் பைத்தியமாக்குன்னு ஆயிடும்."

தெய்வசிகாமணி ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏ அஞ்சலை, இங்க பாரு. தப்பாச் சொல்ற. நடுவுல ஒரு வார்த்தை விட்டுப்போச்சி. யாருடி உன்னை இப்படிச் சொல்லச் சொன்னது?"

கண்ணையன் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

"தப்பு இல்லீங்க" என்றாள். "நானும் மொன்னு சேத்துத்தான் சொன்னேன். அது வேணாம்மான்னு தாத்தாதான் பக்கத்துல நின்னு திருத்திக் குடுத்தாரு."