மாடிக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு

ஒரு வீட்டில் ரெண்டு கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்று இன்னொன்றோடு கோபித்துக்கொள்வது சகஜம்தான், மாப்பிள்ளை. ஒட்டன்சத்திரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உட்காருங்கள். தங்கச்சி லிடியா மாடியில் தூங்குகிறாள், சத்தம் மட்டும் வேண்டாம்.

என் கம்ப்யூட்டர் இந்த ஹாலில், தங்கச்சியுடையது மாடியில். டீச்சர் வேலைக்கு அவள் தயாரிக்கும் வினாத்தாள், பாடம் எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரு ஷேர் ஃபோல்டரில் இருக்கும். மாடியிலிருந்தே பாஸ்வேர்டு போட்டுத் திறந்துகொள்வாள். அம்மாவின் பெயரும் பங்குக் கோயில் திருவிழாத் தேதியும்தான் பாஸ்வேர்டு.

உங்களுக்கும் அவளுக்கும் பேசி முடித்த வாரம் அது திறக்கவில்லை. காரணம் அற்பமானது. வைஃபை பெட்டியை மாற்றியபோது பாஸ்வேர்டையும் மாற்றினேன், அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவள் பழையதையே திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள். சரிசெய்வது செத்த நேர வேலை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகம் வெளுத்துப்போய் மாடிப்படியில் வந்து நின்றாள்.

"அண்ணே, அம்மாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுச்சு?"

கடைசியில் எங்களையே யாரென்று கேட்டவர் அம்மா. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படு" என்றேன். அது பொய் இல்லையே. அவள் போன பிறகு பழைய பாஸ்வேர்டையே திரும்ப வைத்தேன். மறுநாள் அவள் போட்டதும் திறந்தது. தப்பு தன் ஞாபகத்தில்தான் என்று இன்னும் அதிகமாகப் பயந்தாள்.

அப்புறம் அவ்வப்போது மாற்றுவேன், திருப்பி வைப்பேன். வினாத்தாளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துவேன். எதையும் அழிக்கவில்லை. அவள் உழைப்பை அழிக்கிற ஆள் நான் இல்லை.

ஏன் என்கிறீர்கள். அம்மா போன பிறகு இந்த வீட்டில் ரெண்டே பேர். அவளும் போய்விட்டால் சாயந்திரம் கதவைத் திறந்து, யாருமில்லாத ஹாலில் நான் லைட் போட வேண்டும். பயமாக இருந்தது, மாப்பிள்ளை.

மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய உங்கள் கல்யாண ஓலையைக் கோயிலில் முதல் ஞாயிறு வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவித்தபோது நான் வாயே திறக்கவில்லை. அதை நீங்கள் மறக்கக் கூடாது. பூசை முடிந்ததும் அவளாகத்தான் அவரிடம் போனாள். "எனக்கு எங்கம்மா சீக்கு வந்துருச்சு சாமி, அவர ஏமாத்தக் கூடாது" என்று சொல்லி ஓலையை நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்தும் ஒரே அழுகை. தூக்கமும் இல்லை. பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. அம்மாவுக்குத் தூங்க வாங்கிய மாத்திரை மிச்சம் இருந்தது, பாலில் கரைத்துக் கொடுத்தேன். பிறகு பகலிலும் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். இப்போது அழுவதே இல்லை.

முந்தாநாள் நீங்கள் வந்து என் கம்ப்யூட்டரைக் குடைந்தீர்கள். "ஏனுங்க மச்சான், பாஸ்வேர்டு மாத்துன தேதியெல்லாம் இதுலயே இருக்குதுங்களே. நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க, இல்லாட்டி நான் போலீசுக்குப் போறேனுங்க" என்றீர்கள்.

சொல்லிவிட்டேன். நேற்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாஸ்வேர்டு, ஃபோல்டர், பால் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "சரிண்ணே" என்றாள். அழுதது நான்தான். மனசு லேசாகிவிட்டது.

இன்று காலை நான் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு அதே மாடிப்படியில் வந்து நின்றாள்.

"அண்ணே, அந்த ஃபோல்டர் தொறக்க மாட்டேங்குது. பாஸ்வேர்டு என்னண்ணே?"

நேற்று சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு ஞாபகமில்லை. நீங்கள்தான் என்மேல் பழி போடுகிறீர்கள், மாப்பிள்ளை. அவளுக்கு உண்மையிலேயே அம்மாவின் சீக்கு வந்துவிட்டது.