சக்கை மேட்டு ஹாரன்

மின்சாரம் இருக்கும் இடத்தில் பேய்க்கு வேலை இல்லை என்பது அறிவியல் அறுதியிட்டுச் சொன்ன உண்மை. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. மாடிப்படியில் ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்தோம். நண்பன் தன் மச்சான் கதையை ஆரம்பித்தான்.

நள்ளிரவு. ஆளில்லாத ரோடு. அதன் முடிவில் சர்க்கரை ஆலை. கரும்புச் சக்கையை எரித்துக் கரண்ட் எடுக்கும் புது ப்ளான்ட். மச்சான் கன்ட்ரோல் ரூமில், சக்கையைப் பாய்லருக்குக் கொண்டுபோகும் பெல்ட்டை ஓட்டும் ஆபரேட்டர்; அவனுடைய அண்ணன் சக்கை மேட்டில் அதை அள்ளிப் போடும் லோடர் வண்டி டிரைவர். "நான் ரெண்டு ஹாரன் அடிச்சாத்தான் பெல்ட்டைப் போடணும்டா," என்பது அண்ணன் கட்டளை.

திறப்பு விழா வந்தது. "நான் பேசறப்ப ஒரு ஹாரன் கேக்கக் கூடாது," என்றார் மேனேஜர். பசுமை, எதிர்காலம், நம் பேரக்குழந்தைகள்... பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் தங்க நிறப் பொத்தானை அழுத்தினார். அதற்கு ஒயரே கிடையாது. கைதட்டல் கேட்டதும் பெல்ட்டைப் போட்டது மச்சான்தான்... ஹாரன் இல்லாமல்.

மேட்டடியில் அண்ணன் பெல்ட்டில் சிக்கிய கட்டையை உருவிக்கொண்டிருந்தான். மேடு சரிந்தது. தோண்டி எடுத்தபோது... வாய் நிறையச் சக்கை.

லோடரைக் காயலான் கடைக்குப் போட்டார்கள். ஆனாலும் ராத்திரி ஷிப்டில், பெல்ட்டைப் போடும் முன் புளித்த கரும்பு வாசனை வரும். அப்புறம்... பாம். பாம். அதே கரகரத்த ஹாரன்.

"உன் மச்சான் ஓடிப் போகலையா?"

"ஓடறதா? ஒரு நாள் லீவு போடலடா. 'எங்கண்ணனுக்கு என்மேல கோவம் இல்ல'ன்னு சொல்லிச் சொல்லி அழுவான்."

ஒரு ராத்திரி வாசனை வந்தது. ஹாரன் வரவில்லை. திரையில் எல்லாம் பச்சை. பாய்லரில் தீ இறங்கிக்கொண்டிருந்தது. மச்சான் பெல்ட் பொத்தானைத் தொடவில்லை. "அண்ணே... அடிண்ணே..." என்று இருட்டைப் பார்த்துக் கெஞ்சினான். பாய்லர் அணைந்தது.

கதவு திறந்தது. மேனேஜர். அவருக்குப் பின்னால், மேட்டிலிருந்து... பாம். பாம்.

"யாருய்யா அது, இந்நேரத்துல ஹாரன் அடிக்கிறது?" என்று கத்தினார்.

அதோடு ஹாரன் நின்றுபோனது. மச்சான் இன்னும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

மேனேஜர் அதுவரை மேட்டடியில் ஒன்றுக்கு இருந்திருக்கிறார். பேன்ட் ஜிப்கூடப் போடவில்லை.