ஏழாம் ஷெட்டுக்குப் போகாத குரல்

மொதல்ல எனக்குத் துரோகம் பண்ணது அந்தக் கண்ணாடிக்காரன்தான். எழுதிக்குங்க சார். உங்க கம்பெனி ஆளுதான், உங்களுக்கு முன்னாடி இங்க வந்துட்டிருந்தாரே, அவரேதான்.

எங்கிட்ட நீட்டுற அந்தப் பேனாவ உள்ள வைங்க. தாள்ல கையெழுத்து அப்புறம். கேளுங்க.

இருவத்திரெண்டு வருசமா இந்த மைக் ரூம்ல உக்காந்திருக்கேன். நான் ஒரு தடவ பேசினா பதினோரு ஷெட்டுலயும் கேக்கும். ஒவ்வொரு ஷெட்டுலயும் ஒரு ஸ்பீக்கர் பொட்டி. கரண்ட் வந்ததும் அது நெட்வொர்க்குல பேர் குடுக்கும், எனக்கும் அனுப்புன்னு. பேர் குடுத்த பொட்டிக்குப் போகும், குடுக்காததுக்குப் போகாது. ஆறாங்கிளாஸ் படிச்ச எனக்கே புரியுது!

ஏழாம் ஷெட்டுப் பொட்டியில மட்டும் பழைய புரோகிராம். அது பேர் குடுக்குற ஃபாரத்துல ரெண்டு கட்டம், புதுசுல மூணு. இத்தன வருசமா நடுவுல பேர் வாங்குற சிஸ்டம் ரெண்டு கட்ட ஃபாரத்தையும் வாங்கிக்கிட்டு மூணாவத அதுவே போட்டுக்கிச்சு. உங்காளு புது சிஸ்டம் ஏத்துறப்ப அந்த வழிய அடைச்சிட்டாரு. பழசெல்லாம் யாரு வெச்சிருக்கான்னாரு. நான் வெச்சிருக்கேன்யா! சொன்னேன். போர்டுல சாக்பீஸால எழுதியும் வெச்சேன். பொட்டியில பச்ச லைட்டு எரியுதுல்ல பெரியவரேன்னு சிரிச்சாரு.

எரியும் சார். கரண்ட் இருந்தா எரியும். பேர் குடுத்துச்சான்னு அந்த லைட்டுக்கு என்ன தெரியும்?

போன மாசம் அமோனியா பைப்பு வெடிச்சுது. தொண்ட கிழிய மூணு தடவ கத்தினேன், வெளிய ஓடுங்கன்னு. பத்து ஷெட்டு ஓடிச்சு.

என்ன போட்டிருக்கு அந்தத் தாள்ல? ஏழாம் ஷெட்டு சுவிட்ச நான் போட மறந்துட்டேனா? அடப்பாவிகளா, ஏழுக்குன்னு தனியா சுவிட்சே கெடையாதே! எல்லாத்துக்கும் ஒரே பொத்தான். இத எழுதினவன் இந்த ரூமுக்குள்ள கால வெச்சிருப்பானா?

கையெழுத்துப் போட்டா என் வேலை போகாதா? அந்த வேலைய நீங்களே வெச்சுக்குங்க சார்.

ஏழுல இருந்தது ஒரே ஆளு. பொழச்சுக்கிட்டான். நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான். என் தம்பிதான். வீட்டுச் செவுத்துச் சண்டையில மூணு வருசமா எங்களுக்குள்ள பேச்சில்ல. ஆஸ்பத்திரியில வாயத் தொறந்து ஒண்ணே ஒண்ணு கேட்டான். எல்லாரையும் கூப்பிட்டியே, என்ன மட்டும் ஏண்ணே விட்டேன்னு.

நான் சொன்னா நம்ப மாட்டான் சார். கண்ணாடிக்காரர் வந்து சொல்லணும். தம்பி வீடு இங்க பின்தெருவுலதான். அவரு இன்னிவரைக்கும் வரல.